இந்த வார்டில் ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதக் கூடாது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, டாக்டரம்மா நான்காம் கட்டிலின் கேஸ் சீட்டில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதினார்.
2. எழுதி முடிக்கும்போதே கானாடுகாத்தானிலிருந்து ஒரு பெரிய வீட்டு மோட்டார் வந்து வாசலில் நின்றது. அங்கே ஒரு பிரசவம் சிக்கலாகியிருந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.
3. ஒன்பது மணிக்கு நான் அந்தச் சொல்லைப் படித்தேன். ‘டிஸ்சார்ஜ்’ என்று இருந்தது.
4. பத்தரை மணிக்கு, பிரசவித்து நான்காம் நாளில் இருந்த பொன்னழகு, தன் பெண் குழந்தையோடு மாட்டு வண்டியில் வீட்டுக்குப் போனாள். அனுப்பி வைத்தவள் நான்.
5. ஒரு மணிக்கு டாக்டரம்மா திரும்பி வந்தார்.
6. ஒன்றரை மணிக்கு நான் ஒரு ஜட்கா பிடித்து அந்த வண்டியின் பின்னால் போனேன்.

எழுதிப் பார்த்தால் ஆறு வரிதான். அந்த ஆறு வரிக்காகத்தான் இதைப் புது நர்ஸ்களான உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் வரும் திங்கட்கிழமை இந்தப் பிரசவ வார்டின் எட்டுக் கட்டிலுக்கும் சார்ஜ் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். நான் பத்து வருஷம் பார்த்த வேலை. கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரிலும் லைசாலிலும் ஊறி ஊறி என் இரண்டு கையும் வெடித்துவிட்டன. வெடித்த கையோடு பிரசவ அறைக்குள் போகக் கூடாது. அதனால் முப்பத்திரண்டு வயதில் வார்டிலிருந்து ஓய்வு பெற்று, வாசலில் சீட்டு எழுதும் மேசைக்குப் போகிறேன். வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் என்னை உட்காரவைத்து வழியனுப்புவது போல் பேச வேண்டாம். பதினைந்து அடி தள்ளித்தான் இருப்பேன்.

கொதிக்கவைப்பது, கழுவுவது, கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். மதுரையில் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை எனக்குக் குறைவாக இருந்தது படிப்பு அல்ல.

‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல் இந்த ஊரில் எப்படி வாழ்ந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். ரயில் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதே பலருக்கு அரை மனசு. உயிரோடு திரும்புவோமா என்று வந்தவர்களுக்கு, ‘டிஸ்சார்ஜ்’ என்பது நல்ல சேதி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வெற்றிலை பாக்குத் தட்டு வரும், ஆயாவுக்கு ஒரு சேலை கிடைக்கும், எங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வரும். கோவிலூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “இன்னைக்கு யாரு டிஸ்சார்ஜு?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஆயா மாரியாயிக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், “பால் டிஸ்சார்ஜ் ஆயிருச்சு தாயி” என்பாள். வார்டுக்குள் வந்த பூனையைத் துரத்திவிட்டு, “பூனை டிஸ்சார்ஜ்” என்பாள். ஒரு தடவை தன் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டபோது, “அவரை நான் டிஸ்சார்ஜ் பண்ணி எட்டு வருசமாச்சு” என்றாள்.

பயிற்சிப் பள்ளியில் இதே சொல்லுக்கு வேறொரு அர்த்தம் படித்திருந்தேன். புண்ணிலிருந்து வடிவது, காதிலிருந்து வடிவது, பிரசவித்தவளுக்குப் பத்து நாள் போவது எல்லாம் டிஸ்சார்ஜ்தான். அதன் நிறம், அளவு, வாடை மூன்றையும் தினம் குறிக்க வேண்டும் என்று என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். நான்கு வருஷ வார்டு வேலையில், வாழைப்பழச் சீப்புகளுக்கு நடுவில், அந்த அர்த்தம் என் காதிலிருந்து தேய்ந்து போயிருந்தது.

பொன்னழகு கோவிலூருக்கு அப்பால் ஐந்து மைலில் இருந்த ஒரு கிராமத்துப் பெண். பத்தொன்பது வயது. முதல் பிரசவம். தாய் இல்லாதவள் என்பதால் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்தாள். கணவன் கருப்பையா சொந்தமாகக் கொஞ்சம் வயல் வைத்திருந்தான். மற்ற நாட்களில் வண்டி ஓட்டுவான். நடவு நெருங்கிவிட்டதால் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையே டாக்டரம்மாவிடம், “பத்து நாளெல்லாம் தாங்காதுங்கம்மா. நாளைக்கு விட்டுருங்க. செவ்வாக்கெழமை பச்சை ஒடம்புக்காரியை வண்டியேத்த மாட்டாக எங்க வீட்டுல. புதங்கெழமை நடவு” என்று கேட்டிருந்தான். டாக்டரம்மா, “பார்க்கலாம்” என்றார்.

மறுநாள் காலை சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், அது அவனுக்கான பதில் என்று எடுத்துக்கொண்டேன். இப்படித்தான் நடந்தது. கேள்வி ஒன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சொல் கிடந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டவள் நான்.

நான் கவனித்திருக்க வேண்டியவை என்று பிறகு ஒரு பட்டியல் போட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் உடம்புச் சூடு தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. எழுதியிருந்தது என் கையெழுத்து.

பத்து நாள் வைத்திருக்கிற ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் யாரையும் அனுப்பியதில்லை. ஐந்தாம் நாள் உண்டு. நான்காம் நாள் இல்லை.

அன்று துணி மாற்றியது நான் அல்ல, மாரியாயி. நான் பிரசவ அறையில் இருந்தேன். வாடையை நான் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

மாரியாயி கேட்காமலே ஒன்று சொன்னாள். “இவ மூஞ்சியில களையே இல்லையே தாயி. வீட்டுக்குப் போற பொம்பளை மூஞ்சியா இது?” நான், “நீ பூனையைப் பார்” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசியாக, வண்டியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்து, நான் கைத்தாங்கலாக ஏற்றும்போது பொன்னழகு சொன்னது. “ஒரு மாதிரியா குளுருதுக்கா.”

“மழைக்காத்து” என்று சொல்லி, போர்வையை இழுத்து விட்டேன்.

உள்ளே ஒரு கர்ப்பிணி கட்டிலுக்காகத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். கட்டில் தேவைப்படும்போது சொற்கள் நமக்கு வேண்டிய அர்த்தத்தைக் கொடுத்துவிடும். எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். கானாடுகாத்தானில் தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். களைப்பும் நிம்மதியுமாகக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“நாலாம் கட்டில் டிஸ்சார்ஜ் எப்படி இருக்கு?”

“நல்லபடியா ஆச்சும்மா. பத்தரை மணிக்கு.”

“பத்தரைக்கா? அதுக்கப்புறம் இல்லையா?”

“அப்புறம் என்னம்மா, வண்டி போயிட்டது.”

அவர் கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது. “எந்த வண்டி?”

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. நீங்களும் சிரித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நான் கேஸ் சீட்டை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் திட்டவில்லை. துண்டில் கையைத் துடைத்தார். “காலையில பார்த்தப்ப வாடை இருந்தது. உள்ளே நஞ்சுக்கொடித் துணுக்கு ஏதோ தங்கியிருக்கு. நான் வந்து சுத்தம் பண்ணலாம்னு குறிச்சு வச்சேன். காய்ச்சல் ஏற ஆரம்பிச்சிருந்தா ராத்திரிக்குள்ள அவ இங்க இருக்கணும்” என்றார். பிறகு, “நான் வந்தா ஊர் பயந்துடும். இங்கே தரையில ஒருத்தி வலியில இருக்கா. நீ போய்க் கூட்டிட்டு வா” என்றார்.

பிரசவக் காய்ச்சலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கென்று ஒரு மருந்து கிடையாது. எத்தனை மணி நேரம் முந்திக்கொள்கிறோம் என்பதுதான் மருந்து.

செக்காலையிலிருந்து ஜட்கா வரவழைத்து, மாரியாயியோடு புறப்பட்டேன். வழியில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். மூன்று வாக்கியம் தயார் செய்தேன்.

ஒன்று: டாக்டரம்மா இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார்.

இரண்டு: ஒரு மருந்து கொடுக்க மறந்துவிட்டோம்.

மூன்று: நான் தவறு செய்துவிட்டேன்.

மாரியாயியிடம் மூன்றையும் சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஒண்ணாவதைச் சொல்லு தாயி. மூணாவதைச் சொன்னா நாளைப் பின்ன ஒரு பய ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான்” என்றாள். அது எனக்கும் சரியாகவே பட்டது. ஆஸ்பத்திரியின் நல்ல பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் ஒருநாள் இப்படி நினைப்பீர்கள். அப்போது, யாருடைய பெயர் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது மணி இரண்டரை. வாசலில் மாக்கோலம். உள்ளே நாலைந்து பெண்கள் குழந்தையைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கருப்பையாவின் அக்காதான் அந்த வீட்டை நடத்துபவர். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாவி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாங்க நர்ஸம்மா! இங்குட்டு வந்து உக்காருங்க. பிள்ளை நாக்குல இனிப்புச் சேனை தொட்டு வைக்க வந்தீகளா? இம்புட்டுத் தூரம் வண்டி கட்டி வாரீகளே!”

நான் உட்காரவில்லை. “பொன்னழகை டாக்டரம்மா இன்னொரு தடவை பார்க்கணும்னு சொன்னாங்க. கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றேன்.

முகம் மாறியது. “காலையில கும்பிட்டு அனுப்புனீக. மத்தியானம் கூப்பிட வந்திருக்கீக. எங்க வீட்டுப் பொண்ணு என்ன மணியார்டரா, அங்குட்டும் இங்குட்டும் அனுப்ப?”

பெண்கள் சிரித்தார்கள்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“காய்ச்சல் கண்டிருக்கு. பால் கட்டுனா வாரதுதானே? எங்களுக்கெல்லாம் வரலையா? ஒரு தடவை பாக்கணும்னா வியாழக்கெழமை கூட்டியாரோம். நாளைக்குச் செவ்வாய். மறுநா நடவு. டாக்டரம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பாருங்கள், அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ‘பார்க்க ஆசைப்படுகிறார்’ என்ற சேதிக்கு ‘வியாழக்கிழமை’ என்பது மிக நியாயமான பதில். என் பொய் மிருதுவானது. மிருதுவான சேதியை யாரும் தள்ளி வைக்கலாம்.

உள் அறையில் பொன்னழகு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குளிக்கவைத்து, தலைக்குச் சாம்பிராணி போட்டு, முகத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். மஞ்சளுக்குள் முகம் சிவந்திருந்தது. கை வைத்தேன். தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. ஆனாலும் வைத்தேன், நூற்று மூன்று. அவள் கண் திறந்து, “வந்துட்டீகளாக்கா” என்றாள். நான் வருவேன் என்று எதிர்பார்த்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

வெளியே வந்தேன். கருப்பையாவும் அதற்குள் கொல்லையிலிருந்து வந்து நின்றான். மாரியாயி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“நான் தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். “டாக்டரம்மா இவளை அனுப்பச் சொல்லலை. ஒரு இங்கிலீஷ் சொல் எழுதி வச்சுட்டுப் போனாங்க. அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். வீட்டுக்கு அனுப்புறதுன்னு ஒண்ணு. உடம்புலேர்ந்து கெட்டது வடியுதுன்னு ஒண்ணு. அவங்க ரெண்டாவதை எழுதினாங்க. நான் முதலாவதைப் படிச்சுட்டேன். காலையில இவ குளுருதுன்னு சொன்னா. மழைக்காத்துன்னு சொல்லி அனுப்பிட்டேன். இது பால் காய்ச்சல் இல்லை. இப்பவே கூட்டிட்டுப் போகணும்.”

கருப்பையாதான் முதலில் வாய் திறந்தான். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“அம்புட்டுப் பெரிய சீமையில, ரெண்டுக்கு ரெண்டு சொல்லு கெடைக்கலையா அவிங்களுக்கு?”

“படிச்சவுகளுக்கே ஒரு எழுத்து பிடிபடலேன்னா, நாங்க எதை நம்பி வாரது?” என்றாள் ஒரு பெண்.

அக்காதான், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நம்ம பேச்சுலயும் இருக்குல்ல. ‘பிள்ளை போயிருச்சு’ன்னா, பள்ளிக்கொடத்துக்குப் போயிருச்சுன்னும் நெனைக்கலாம். இன்னொண்ணுன்னும்…”

சொல்லை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். சுற்றி நின்ற பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு ஒரு பையன் இருந்திருக்கிறான், இரண்டு வருஷத்துக்கு முன் அம்மையில் போய்விட்டான் என்று திரும்பும் வழியில் கருப்பையா சொன்னான். அப்போது எனக்குத் தெரியாது. சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு அவர் நிமிர்ந்தது மட்டும்தான் தெரிந்தது.

“தம்பி, வண்டியைப் பூட்டு. நம்ம மாடு அசந்து போயிருக்கும். மேலத்தெருவுல ஒரு ஜோடி வாங்கிக்க.”

“நாளைக்குச் செவ்வாயில்ல…” என்று யாரோ இழுத்தார்கள்.

“இன்னைக்குத் திங்கள்தானே? பொழுது இருக்குல்ல? பூட்டுடா!”

ஐந்தரை மணிக்கு நான்காம் கட்டிலில் அவளைத் திரும்பக் கிடத்தினோம். காலையில் கழுவிய கட்டில் காய்ந்த பிறகும், அதில் வேறு யாரையும் போடாமல் டாக்டரம்மா வைத்திருந்தார். காத்திருந்த பெண்ணுக்குத் தன் மேசையை நகர்த்திவிட்டு, தன் அறையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பிறகு பதினோரு நாள். என்னென்ன செய்தோம் என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஐந்தாம் நாள் அவள் என்னை “அம்மா” என்று கூப்பிட்டாள். தாயில்லாதவள் கூப்பிடும்போது அது வெறும் பிதற்றலா, வேண்டுதலா என்று தெரியாது. “என்னம்மா” என்றேன். அதைக் கேட்டதும் அவள் தூங்கினாள். ஆகவே எத்தனை முறை கூப்பிட்டாலும் சொன்னேன்.

குழந்தைக்குப் பால் பிரச்சினையாகவில்லை. இரண்டாம் கட்டிலில் இருந்தவள், இவர்கள் ஊரும் உறவும் அறியாதவள், யாரும் கேட்பதற்கு முன்பே தன் பிள்ளையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டாள். “ரெண்டு மார் எதுக்கு இருக்கு?” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. அவள் கிளம்பும் நாள் வந்தபோது, டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு, இன்னும் நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானம், டாக்டரம்மா தடித்த அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். “வா, அந்தச் சொல்லைப் பார்ப்போம்” என்றார். ஒரு நோயாளியைப் பார்ப்போம் என்பது போலச் சொன்னார்.

அவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆதியில் ரோமாபுரிக்காரர்களின் லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல் இருந்தது. இப்போது மோட்டாரைக் கார் என்கிறோமே, அதற்கும் அதுதான் மூலம். வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல் உண்டாகி, பிரான்ஸ் வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால் தலைகீழ்: ஏற்றிய பாரத்தை இறக்குவது. கப்பல் சரக்கை இறக்கினால் டிஸ்சார்ஜ். துப்பாக்கி குண்டை வெளியே விட்டால் டிஸ்சார்ஜ். சிப்பாயை வீட்டுக்கு அனுப்பினால், கைதியை விடுவித்தால், வேலைக்காரனை நீக்கினால் டிஸ்சார்ஜ். கடமையைச் செய்து முடித்தாலும் அதுதான். புண் சீழைத் தள்ளினாலும் அதுதான்.

“எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு இறங்குது” என்றார் டாக்டரம்மா. “எது இறங்குது, எங்கே இறங்குதுன்னு மட்டும் சொல் சொல்றதில்லை.”

கருப்பையா ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். நடவை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். எங்கள் பேச்சில் வண்டி வந்ததும் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது.

“நாங்க மூட்டை எறக்குறதுக்கு முன்னாடி எந்தத் தெரு, எந்த வீடுன்னு ரெண்டு தரம் கேப்போம்மா” என்றான் ஜன்னல் வழியாக. “ஒரு தரம் கேட்டா அவுக நெனைப்புல இருக்கிறதைச் சொல்லுவாக. ரெண்டாந்தரம் கேட்டாத்தான் வீட்டைக் காட்டுவாக.”

குத்தலாகச் சொல்லவில்லை. தொழில் சொன்னான். ஆனால் டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. அகராதியை மூடினார். ஒரு சீட்டை எடுத்து, “உன் கடிகாரத்தைப் பார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுதினார்: ‘கசிவில் வாடை இருக்கிறது. வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.’ தமிழில் எழுதினார்.

“எவ்வளவு ஆச்சு?”

“இருபத்திரண்டு விநாடி.”

“மோட்டார் இருபத்திரண்டு விநாடி நிற்காதுன்னு நினைச்சேன்” என்றார். அவர் தன் தவற்றை என்னிடம் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அதைவிடப் பெரிதாக யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியை நடத்திய குடும்பத்தின் மேனேஜர் காதுக்கும் செய்தி போயிற்று. கிராமத்திலேயே போய் நான் உரக்கச் சொல்லிவிட்டு வந்தேனே, எப்படிப் போகாமல் இருக்கும்? அவர் வந்து டாக்டரம்மாவிடம், “அந்த நர்ஸை டிஸ்சார்ஜ் பண்ணிரலாங்களா?” என்று கேட்டார். நான் அடுத்த அறையில் கத்தரிக்கோல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தச் சொல்லை நாங்க இப்ப விட்டுட்டோம்” என்றார் டாக்டரம்மா. “என்ன செய்யணும்னு தமிழ்ல சொல்லுங்க.”

மேனேஜர் மென்று விழுங்கினார். “அந்தப் பொண்ணை வேலையை விட்டு வெரட்டிரலாமான்னு…” தமிழில் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூசியது. சொல்லி முடிக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த வார்டின் வழக்கம் இது. சீட்டில் அந்த ஆங்கிலச் சொல் கிடையாது. ‘கசிவு’ என்று எழுதினால், எவ்வளவு, என்ன நிறம், வாடை உண்டா இல்லையா. ‘வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதினால், அதன் கீழே டாக்டர் கையெழுத்து. வேறு ஊரிலிருந்து வரும் டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டாக்டர் ஒரு காலை மோட்டார் படியில் வைத்திருந்தாலும், அர்த்தம் இரண்டாகத் தெரிந்தால், கூப்பிட்டு நிறுத்திக் கேளுங்கள். வீட்டுக்குப் போகிறவள் வண்டி ஏறுவதற்கு முன் அவள் உடம்பில் ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள். ‘குளிருது’ என்று ஒருத்தி சொன்னால், அவளுக்குக் குளிருகிறது. காரணம் தெரிந்தவர்கள் போல் பதில் சொல்லாதீர்கள்.

மாரியாயி பேச்சில் மட்டும் எதையும் மாற்ற முடியவில்லை. பால் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் ‘சார்ஜ் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்கிறீர்கள். வண்டியில் பாரம் ஏற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம். நாம் தமிழில் ‘பொறுப்பு’ என்கிறோம். பொறுப்பது, சுமப்பது. அந்தப் பதினோரு நாளில் எனக்குத் தமிழ்ச் சொல்தான் அருகில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் உடம்பு சரியான சூட்டுக்கு வந்து அங்கேயே நின்றது. இருபத்தோராம் நாள் வண்டியேற்றினோம். அந்தத் தடவை அக்காவே கூட்டிப்போக வந்திருந்தார். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஏறும்போது, “ரெண்டு தரம் பாத்துட்டீகளா?” என்று கேட்டார். “மூணு தரம் பார்த்தேன்” என்றேன். “அப்பச் சரி” என்றார்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போதைய நிலை இது. பொன்னழகு உயிரோடு இருக்கிறாள். பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. நன்றாகப் படிக்கிறது, நிறையப் பேசுகிறது. கருப்பையா இரண்டாவதாகக் கட்டச் சொல்லி ஊர் சொன்னதைக் கேட்கவில்லை, அக்கா கேட்கவிடவில்லை. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு பொன்னழகுக்கு வேறு குழந்தை உண்டாகவில்லை. போன தை மாதம் இங்கே வந்து பரிசோதனை செய்துகொண்டு போனாள். அந்தக் காய்ச்சல்தான் காரணமா என்று டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் அனுப்பாமல் வைத்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்பதையும் சொல்ல முடியவில்லை. நான் இரண்டு கேள்வியையும் கேட்டேன். பொன்னழகு கேட்கவில்லை.